லாரியிலிருந்து ட்ரெய்லருக்கு மாறும் ஓட்டுநருக்கு

பத்துச் சக்கர லாரியை ஆறு ஆண்டுகள் ஓட்டியிருப்பதாகவும், அடுத்த மாதம் முதல் ட்ரெய்லர் ஓட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த விதிகளை அறிந்திருக்க வேண்டும், எந்தப் பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும், தொடக்கத்தில் காலி ட்ரெய்லரில் பழகுவது பாதுகாப்பானதுதானே என்பவை உங்கள் கேள்விகள். கனரக வண்டி ஓட்டுநர்களுக்கு நீண்ட காலமாகப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். காலி ட்ரெய்லர் பற்றிய கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான காரணங்கள் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

சிறிய வண்டியில் ஒரு தவறு நேர்ந்தால் அதைத் திருத்தக் காலுக்கும் கைக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. 40 டன் எடையுள்ள வண்டியில் அந்த அவகாசம் இல்லை. சரிவில் எந்த கியர், வளைவில் என்ன வேகம், முன்னால் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் இதுதான். கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இதிலிருந்தே வருகிறது.

முதலில் நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி ஆகும். ஏர் பிரேக்கில் குழாய்களின் வழியே காற்று கடைசி ஆக்ஸில் (சக்கர அச்சு) வரை சென்று, லைனிங் என்னும் உராய்வுப் பட்டை சக்கரத்தோடு சுழலும் டிரம்மைப் பிடிக்க இன்னும் அரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு விநாடிகளிலேயே 33 மீட்டர் கடந்துவிடுகிறது. அதன்பின், பிரேக் நல்ல நிலையிலும் சாலை காய்ந்தும் இருந்தால், வண்டி நிற்க 28 மீட்டர் தேவைப்படும். ஆக மொத்தம் 61 மீட்டர். இதே கணக்கை 80 கி.மீ. வேகத்துக்குப் போட்டால் 94 மீட்டர் வருகிறது. மழையில் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 140 மீட்டரையும் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதால்தான், வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும் தூரம் இப்படி நீள்கிறது.

ஆகவே முன்னே செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை மீட்டரில் மதிப்பிடாமல் விநாடியில் எண்ணுங்கள். வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஒரு விநாடி, வேகம் 60 கி.மீ.க்கு மேல் என்றால் கூடுதலாக ஒரு விநாடி என்பது பயிற்சியில் சொல்லித்தரப்படும் அளவு. 18 மீட்டர் நீளமுள்ள ட்ரெய்லருக்கு நெடுஞ்சாலையில் 7 விநாடி வருகிறது. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்தை அடையும்போது ஏழுக்குக் குறைவாக எண்ணியிருந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அந்த இடைவெளியில் கார்கள் நுழையத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் மீண்டும் பின்தங்கிக்கொள்வது எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஒரு நாள் பயணத்தில் அதனால் இழக்கும் நேரம் மிகவும் சொற்பம் என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஏர் பிரேக் உங்களுக்குப் புதிதல்ல. ட்ரெய்லரோடு சேரும்போது அதில் என்ன மாறுகிறது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினுள்ள முன்பகுதியான இழுவை வண்டியிலிருந்து ட்ரெய்லருக்கு இரண்டு காற்றுக் குழாய்கள் செல்கின்றன. சிவப்புக் குழாய் ட்ரெய்லரின் தொட்டிக்குக் காற்றை நிரப்புகிறது. மற்றது, ஐரோப்பிய வண்டிகளில் மஞ்சளாகவும் அமெரிக்க வண்டிகளில் நீலமாகவும் இருப்பது, நீங்கள் மிதிக்கும் அளவை ட்ரெய்லருக்குத் தெரிவிக்கிறது. சிவப்புக் குழாய் அறுந்தால் ட்ரெய்லரின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். மற்ற குழாயில் கசிவு இருந்தாலோ, நீங்கள் பிரேக்கை மிதிக்கும் வரை அது வெளியே தெரியாது. இரண்டில் இதுவே எனக்கு அதிகக் கவலை தருவது. அதனால் நாள்தோறும் புறப்படுமுன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்று முழுவதும் ஏறியபின் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு முழு நிமிடம் அழுத்திப் பிடித்தபடி காற்றழுத்த முள்ளைப் பாருங்கள். அமெரிக்க உரிமத் தேர்வில், ட்ரெய்லர் இணைத்த வண்டிக்கு இந்த ஒரு நிமிடத்தில் 4 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அலகு) மேல் அழுத்தம் குறையக் கூடாது என்பது வரம்பு. எந்த நாட்டில் ஓட்டினாலும் இதை உங்கள் வரம்பாக வைத்துக்கொள்ளலாம். காற்றுத் தொட்டிகளில் சேரும் தண்ணீரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வடித்துவிடுவது இரண்டு நிமிட வேலை. உறைபனி விழும் இடங்களில் அந்தத் தண்ணீர் வால்வுக்குள் உறைந்து பிரேக்கையே செயலிழக்கச் செய்துவிடும்.

இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். 40 டன் எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கம் முழுவதிலும் வெளிப்படும் ஆற்றல், அதே வண்டியை 80 கி.மீ. வேகத்திலிருந்து பன்னிரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். காற்றும் சக்கர உராய்வும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை டிரம்களே தாங்க வேண்டும் என்றால், அவை சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகின்றன. லைனிங்கும் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. நீங்கள் மேலும் அழுத்தி மிதிக்கிறீர்கள், சூடு மேலும் ஏறுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் மிதி இருக்கிறது, பிரேக் இல்லை. காற்றழுத்த முள் அப்போதும் சரியான இடத்திலேயே நிற்கும் என்பதால், கடைசி நொடி வரை எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே ஓட்டுநர் நம்பிக்கொண்டிருப்பார்.

இதற்குள்ள வழி, இறக்கம் தொடங்குமுன் மேலேயே வேகத்தைக் குறைத்து, ஏறுவதற்குத் தேவைப்படும் கியரையோ அதற்கும் ஒரு படி கீழான கியரையோ போட்டுக்கொள்வதுதான். பாதிச் சரிவில் கியரைக் குறைக்க முயன்றால், நியூட்ரலுக்கு வந்த கியர் மீண்டும் விழாமலே போகக்கூடும். டிரம்மின் உதவியின்றி வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், எஞ்சின் பிரேக், ரிட்டார்டர் ஆகியவற்றில் உங்கள் வண்டியில் எது உண்டோ அதுவே வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கால் பிரேக் அதற்குத் துணை மட்டுமே. பாதுகாப்பான வேகம் 40 என்று முடிவு செய்திருந்தால், வேக முள் 40ஐத் தொட்டதும் ஏறத்தாழ மூன்று விநாடி உறுதியாக மிதித்து 32க்குக் கொண்டுவந்து, காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மீண்டும் 40 வந்தால் மீண்டும் அதையே செய்யுங்கள். இலேசாக மிதித்தபடியே இறங்கினால், வண்டியின் எல்லாச் சக்கரங்களும் சமமாகப் பிடிப்பதில்லை. முதலில் பிடிக்கும் ஒன்றிரண்டு ஆக்ஸில்கள் மட்டும் முழுச் சூட்டையும் வாங்கிக் கருகிவிடும். டீசல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் உருட்டும் வழக்கம் சிலரிடம் இன்னமும் இருக்கிறது. நவீன எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது டீசலையே தெளிப்பதில்லை என்பதால் அந்தக் கணக்கே தவறு; உயிரைப் பணயம் வைத்துச் சேமிப்பது ஒன்றுமில்லை.

லைனிங் கருகும் வாடை வந்தால் அதுவே கடைசி எச்சரிக்கை. அகலமான இடத்தில் ஒதுங்கிச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துக் காத்திருங்கள். கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம். தண்ணீரையும் ஊற்ற வேண்டாம், டிரம் வெடித்துவிடும். பிரேக் இழந்த வண்டி ஒதுங்கி நிற்பதற்கான அவசரத் தப்பிப்புப் பாதை அமைக்கப்பட்டுள்ள மலைச்சாலை என்றால், அது எந்த வளைவுக்கு அடுத்து வருகிறது என்பதை இறங்கத் தொடங்குமுன்னரே அறிந்து வைத்திருங்கள். வண்டி சேதமாகுமே என்று தயங்கி அந்தப் பாதையைத் தாண்டிச் சென்றுவிட்டால் இன்னொன்று வருமென்று சொல்ல முடியாது.

வளைவில் உங்கள் பழைய லாரி காட்டிய எச்சரிக்கையை ட்ரெய்லர் காட்டாது. 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 50 கி.மீ. வேகத்தில் திரும்பினால், வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள விசை அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. உயரமாக லோடு ஏற்றிய ட்ரெய்லர்களில் பல, எடையில் 35 முதல் 40 விழுக்காட்டு விசையிலேயே கவிழ்ந்துவிடக்கூடியவை. அதே வளைவில் 40 கி.மீ.க்கு இறங்கினால் விசை ஐந்தில் ஒரு பங்காகிவிடும், பத்து கி.மீ. குறைத்ததில் கிடைத்த பலன் அது. காய்ந்த சாலையில் டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி கவிழும், அதிலும் ட்ரெய்லரின் பின்சக்கரங்கள்தான் முதலில் மேலெழும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது உடலில் உறைக்கும் நேரத்தில் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் வளைவு வேகம் பெரும்பாலும் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நீங்கள் அதைவிடக் குறைத்தே நுழைய வேண்டும். பாதி நிரம்பிய டேங்கர் என்றால் இன்னும் கவனம் தேவை. முழுதாக நிரம்பிய திரவம் அசைய இடமில்லாமல் நிற்கும். பாதி நிரம்பியது பக்கவாட்டில் ஏறி வண்டியைத் தானே சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும் அவை முன்பின் அலையைத்தான் தணிக்கின்றன, பக்கவாட்டு அலையை அல்ல.

இனி இணைப்பு. இழுவை வண்டியைப் பின்னோக்கி எடுத்து ட்ரெய்லரின் அடியில் நீட்டியிருக்கும் இணைப்பு முளையான கிங் பின் பூட்டுக்குள் விழும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பிப் புறப்பட்டவர்கள் சாலையில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். நான் பயிற்சி தருபவர்களைக் கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்க்க வைப்பேன். ட்ரெய்லரின் அடித்தகடும் இழுவை வண்டியின் வட்டத்தகடும் ஒன்றோடொன்று படிந்திருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ட்ரெய்லர் மேலே தூக்கி நிற்கிறது, கிங் பின் சரியான ஆழத்தில் இறங்கவில்லை என்று பொருள். அடுத்து, பூட்டின் தாடை கிங் பின்னின் மெலிந்த கழுத்தைச் சுற்றி முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியிலுள்ள தலையைப் பிடித்திருந்தால் அது பிடிப்பே அல்ல. பூட்டுக் கைப்பிடி முழுதும் உள்ளே போய், அதன் காப்புக் கொக்கி விழுந்திருக்க வேண்டும். இவற்றைப் பார்த்தபின், ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்து, ட்ரெய்லரைத் தனியே நிறுத்த உதவும் தாங்கு கால்கள் தரையிலிருந்து சற்றே எழுந்த நிலையில், மிகக் குறைந்த கியரில் மெல்ல முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கால்களை முழுதாக மேலேற்றிக் கைப்பிடியை அதன் கொக்கியில் மாட்டுங்கள். பாதி ஏறிய கால்கள் ரயில்வே கடவையின் மேட்டில் சிக்கிக்கொள்ளும், அங்கே சிக்கினால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை. இன்னொன்று: சாப்பிடவோ உறங்கவோ வண்டியை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் இந்தச் சோதனை முழுவதையும் மறுபடி செய்யுங்கள். விளையாட்டாகவோ திருட்டு நோக்கிலோ யாரோ பூட்டை இழுத்துவிட்டுப் போவது நடக்காததல்ல.

லோடு கட்டுவது ஏற்றுபவரின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சாலைக்கு வந்தபின் பொறுப்பு ஓட்டுநருடையது என்றே பெரும்பாலான நாடுகளின் சட்டம் கருதுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் இரண்டிலும், கட்டு முன்னோக்கி லோடின் எடையில் 80 விழுக்காட்டு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 விழுக்காட்டையும் தாங்க வேண்டும் என்பது அடிப்படை. திடீர் பிரேக்கில் 20 டன் எஃகுச் சுருள் 16 டன் விசையோடு உங்கள் முதுகை நோக்கி வருகிறது என்று பொருள். ‘கனமான பொருள் எங்கே நகரப்போகிறது’ என்ற பேச்சை நம்பாதீர்கள். தளத்தில் எண்ணெய்க் கறையும் மணலும் இல்லாமல் கூட்டிவிட்டு, பொருளுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டாலே பெல்ட்டுகளின் சுமை கணிசமாகக் குறையும். புதிதாக ஏற்றிய லோடு முதல் சில கிலோமீட்டர்களில் குலுங்கிப் படிந்து கட்டைத் தளர்த்திவிடும் என்பதால், முதல் 80 கி.மீ.க்குள் ஒரு முறை நிறுத்தி இறுக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் அதன் நட்டுகளையும் அதே நிறுத்தத்தில் சரிபார்த்துவிடலாம். நட்டிலிருந்து துருக்கோடு கீழிறங்கியிருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம்.

எடையைப் பொறுத்தவரை, மொத்த எடை, ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் உள்ள எடை என்று இரண்டு வரம்புகளும் உண்டு. மொத்தம் வரம்புக்குள் இருந்தும், லோடு முன்னால் குவிந்திருந்தால் இழுவை ஆக்ஸில் வரம்பை மீறியிருக்கலாம். நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை ஆக்ஸிலுக்கான வரம்பை இந்தியா 2018ஆம் ஆண்டில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அமெரிக்காவின் கூட்டாட்சி நெடுஞ்சாலைகளில் ஒற்றை ஆக்ஸிலுக்கு 20,000 பவுண்டு, அதாவது 9 டன்னுக்குச் சற்று மேல். அபராதத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட விதிப்படி, சாலைக்கு நேரும் சேதம் ஆக்ஸில் எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி உயர்கிறது. பத்து விழுக்காடு கூடுதலாக ஏற்றினால் சேதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அந்தப் பள்ளங்களில்தான் மறுவாரம் நீங்களும் ஓட்ட வேண்டும்.

ஓட்டும் நேரத்துக்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிட ஓய்வு கட்டாயம். நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். அமெரிக்காவில் 10 மணி நேரத் தொடர் ஓய்வுக்குப்பின், பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டிருந்தது; 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. இந்த வரம்புகளுக்குள் இருந்தும் தூக்கம் வரலாம் என்பதை மறக்க வேண்டாம். இரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை உடல் தானே உறக்கத்தை நாடும். 80 கி.மீ. வேகத்தில் நான்கு விநாடி கண்ணயர்ந்தால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் போகிறது. ஜன்னலைத் திறப்பது, சத்தமாகப் பாட்டு வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை. கடந்துபோன கடைசி இரண்டு மைல்கற்கள் நினைவில் இல்லையென்றால், அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடமாவது தூங்குங்கள். எழுந்த உடனேயே ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். பொருளைச் சேர்க்க வேண்டிய நேரத்தைக் காட்டி உங்களை விரட்டும் முதலாளியிடம் மறுத்துப் பேசுவது எளிதல்ல என்பதை அறிவேன். ஆனாலும் விபத்துக்குப் பின் விசாரணையில் நிற்கப்போவது உங்கள் உரிமம்தான்.

திருப்பங்களில் ட்ரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டி வரும். வண்டி நீள நீள இந்த விலகல் அதிகமாகும். அகலமாக எடுத்துத் திரும்பும்போது உட்பக்கம் உண்டாகும் வெற்றிடத்தில் இருசக்கர வண்டிக்காரர் நுழைந்துவிடுவார், அவர் நிற்குமிடமோ உங்கள் கண்ணாடிகளுக்கு எட்டாதது. ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கத்தின் முழு நீளமும், முன்கண்ணாடிக்கு நேர் கீழேயுள்ள சில மீட்டரும், ட்ரெய்லருக்கு நேர் பின்புறமும் உங்களுக்குத் தெரியாத இடங்கள். சிக்னலில் நின்றிருந்துவிட்டுப் புறப்படுமுன் எல்லாக் கண்ணாடிகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ட்ரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்பது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்க்கும் பழக்கம்தான் பலருக்குக் கடைசி வரை வருவதில்லை. வழிகாட்டி நிற்பவர் கண்ணாடியில் தெரியாமல் போன அந்த நொடியே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது காலி ட்ரெய்லர். அது பாதுகாப்பானது என்று பலரும் நம்புகிறார்கள். பிரேக்கைப் பொறுத்தவரை உண்மை வேறு. பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாம் முழு லோடுக்காக வடிவமைக்கப்பட்டவை. எடை இல்லாதபோது டயருக்குத் தரையில் போதிய அழுத்தம் இல்லாததால், அதே அளவு மிதித்தாலும் சக்கரம் எளிதில் சுழலாமல் பூட்டிக்கொள்கிறது. ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத அல்லது பழுதான வண்டியில், ட்ரெய்லரின் சக்கரங்கள் பூட்டினால் அதன் வால் பக்கத்துப் பாதைக்குள் வீசி வரும். இழுவை வண்டியின் பின்சக்கரங்கள் பூட்டினால் ட்ரெய்லர் அதைத் தள்ளி, மடக்குக் கத்தி மூடுவதுபோல் இரண்டும் மடங்கும். ஈரச் சாலையில் எஞ்சின் பிரேக்கும்கூட இப்படிப் பூட்டச் செய்யும் என்பதால், காலியாகவும் ஈரமாகவும் இருக்கும்போது அதை அணைத்து வையுங்கள். கண்ணாடியில் ட்ரெய்லர் விலகி வருவது தெரிந்த கணத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துச் சக்கரங்கள் மீண்டும் உருள விடுவதுதான் முதல் வேலை. ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் தனியே கையால் பிடித்தால் அது நேராகிவிடும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். வழுக்கலைத் தொடங்கி வைத்ததே அந்தச் சக்கரங்கள் பூட்டியதுதான். காலி ட்ரெய்லர் காற்றில் எளிதாகச் சாயும் என்பதையும், எடை இல்லாததால் சற்று உயர்ந்து நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். லோடோடு நுழைந்த தாழ்வான பாலத்துக்கடியில் திரும்பும்போது இடிப்பது அதனால்தான்.

எனவே காலி ட்ரெய்லரை மூடிய மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கவும், இணைத்துக் கழற்றவும், குறுகிய திருப்பங்களில் பின்சக்கரத் தடத்தைக் கவனிக்கவும் பயன்படுத்துங்கள். மூன்று நான்கு நாள் அதற்குக் கொடுத்தால் போதும். சாலைக்கு வரும்போது நன்றாகக் கட்டிய, உயரம் குறைந்த, பாதி எடையுள்ள லோடோடு பகலில் சமதளப் பாதையில் தொடங்குங்கள். முழு லோடோடு முதல் இறக்கத்தை மட்டும் அந்தப் பாதையைப் பலமுறை ஓட்டிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இறங்குங்கள். எந்த இடத்தில் எந்த கியருக்கு வந்தார் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டால், அடுத்த முறை தனியாக இறங்கும்போது அந்தத் தாளே உங்களுக்குத் துணை வரும்.